காட்டுப்பன்றிக்கு ரைபிள் வாங்கலாமா? சட்டமும் செலவும் மாற்று வழிகளும்

நிலக்கடலை காய் முற்றும் நேரத்திலும், மக்காச்சோளம் பால் பிடிக்கும் நேரத்திலும், மரவள்ளியில் கிழங்கு இறங்கும் மாதங்களிலும் சேலம், நாமக்கல் பகுதிப் பயிற்சிக் கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பன்னித் தொல்லை தாங்கல. குறைஞ்ச விலையில ஒரு நல்ல ரைபிள் எது, எங்க வாங்கலாம்?" கேட்பவர் வேட்டைப் பிரியர் அல்ல. இரண்டு ஏக்கர் கடலையில் ஒரே இரவில் அரை ஏக்கரைப் பறிகொடுத்தவர். யூடியூபில் வெளிநாட்டுக்காரர் ஒருவர் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளால் பன்றியைச் சுடும் வீடியோவைப் பார்த்திருப்பார். கேரளாவில் சுட அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பிலும் படித்திருப்பார்.

நேரடியான பதில் இது. பயிர்ப் பாதுகாப்புக்காக ரைபிள் உரிமம் தருவதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் வழி இல்லை. சட்டம் தரக்கூடிய துப்பாக்கி வேறு வகை. அந்தத் துப்பாக்கி உரிமத்தோடு உங்கள் வீட்டில் இருந்தாலும், அதைக் கொண்டு காட்டுப்பன்றியைச் சுடுவதற்குத் தனி அனுமதி வேண்டும். இந்த இரண்டையும் தெரியாமல் பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர்களும், வழக்கில் சிக்கியவர்களும் நம் பகுதியிலேயே இருக்கிறார்கள். எனவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எது ரைபிள், எது சாதாரணத் துப்பாக்கி?

ரைபிளின் குழலுக்குள் திருகு போலச் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் இருக்கும். குண்டு சுழன்றுகொண்டே போவதால் வெகு தூரம் நேராகச் செல்லும். போல்ட் ஆக்‌ஷன் என்பது ஒவ்வொரு முறையும் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் அமைப்பு. இந்தியாவில் பொதுமக்களுக்கு உரிமத்தின் பேரில் விற்கப்படும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் பலரும் அறிந்தது பாயின்ட் 315 ஸ்போர்ட்டிங் ரைபிள். மேற்கு வங்கத்தில் உள்ள இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் தயாரிப்பு. பழைய லீ என்ஃபீல்டு ராணுவத் துப்பாக்கியின் அமைப்பைக் கொண்டது. ராணுவம் பயன்படுத்திய பாயின்ட் 303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று ஆங்கிலேயர் ஆட்சியில் தடை செய்ததால், அதற்குப் பதிலாக வந்த அளவுதான் 315. பாயின்ட் 22 ரைபிளும் உண்டு. அது குறி பார்த்துச் சுடும் விளையாட்டுக்கு உரியது. பன்றிக்கு அது போதாது. காயப்படுத்தி அனுப்பும், அவ்வளவுதான்.

வீடியோவில் பார்க்கும் வெளிநாட்டு ரைபிள்களைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சாதாரண மக்கள் அவற்றை இறக்குமதி செய்ய முடியாது. பல பத்தாண்டுகளுக்கு முன் வந்த பழையவைதான் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் விலை நம் விவசாயிக்கு எட்டாது.

இன்னொரு வகை, உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கி. 12 போர் என்று சொல்வார்களே, ஒற்றைக் குழல், இரட்டைக் குழல், அது இந்த வகை. ஒரு தோட்டாவில் பல ரவைகள் இருக்கும். பன்றி போன்ற பெரிய விலங்குக்கு எல்ஜி என்ற பெரிய ரவைத் தோட்டா. முப்பது, நாற்பது மீட்டர் வரைதான் இதற்கு நம்பகம். இதிலும் பழைய வகை வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, குச்சியால் குத்தி, ரவையைப் போட்டு, மறுபடியும் அடைக்க வேண்டும். ஒரு முறை வெடித்தால் அடுத்ததற்குத் தயார் செய்ய ஒரு நிமிடமாவது ஆகும். ஐப்பசி மழையில் மருந்து நமத்துப்போனால் வெடிக்கவே வெடிக்காது.

ஆயுதச் சட்டம் என்ன சொல்கிறது?

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆவது பிரிவில் பயிர்ப் பாதுகாப்பு என்ற சொல்லே இருக்கிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்கிறது அந்தப் பிரிவு. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால், 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் நீளமுள்ள வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்றும் சொல்கிறது. அதோடு நிறுத்திக்கொள்கிறது. ரைபிள் அந்த வரியில் இல்லை. ரைபிளுக்கு உரிமம் வேண்டுமென்றால் உயிருக்கு ஆபத்து, விளையாட்டு என்று வேறு தக்க காரணம் காட்ட வேண்டும். அதிகாரி திருப்தி அடைந்தால்தான் கிடைக்கும். பன்றி தோட்டத்துக்கு வருகிறது என்ற காரணம் அங்கே எடுபடாது.

சட்டம் எழுதியவர்கள் இப்படி வைத்ததில் அர்த்தம் இருக்கிறது என்பது என் கருத்து. நம் சமவெளியில் ஊர் ஒரே இடத்தில் கூடி இருப்பதில்லை. தோட்டத்துக்குத் தோட்டம் வீடு. இரவு பத்து மணிக்கு மேல் ஒருவர் மோட்டார் போட வருவார், இன்னொருவர் மாட்டுக்குத் தட்டு போட வருவார். 315 ரைபிளின் குண்டு குறி தவறினால் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் ஆளைக் கொல்லும். மலைச்சரிவில் சுட்டால் குண்டு மண்ணில் புதையும். ராசிபுரம், ஆத்தூர் பக்கத்துச் சமநிலத்தில், இருட்டில், மரவள்ளிக் காட்டுக்குள் அசைவைப் பார்த்துச் சுட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று சுடுகிறவருக்குத் தெரியாது.

உரிமம் வேண்டுவோர் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். மாநகரக் காவல் எல்லைக்குள் இருந்தால் காவல் ஆணையரிடம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். நிலம் உங்கள் பேரில் இருப்பதற்குப் பட்டா, சிட்டா, பயிர் இருப்பதற்கு அடங்கல் ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் இருந்து அறிக்கை போகும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்றும் கேட்பார்கள். 2019-இல் செய்த திருத்தத்தின்படி உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒருவர் பேரில் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் இருக்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே கடைக்காரரிடமோ தரகரிடமோ முன்பணம் கொடுக்காதீர்கள். "லைசென்ஸ் நான் வாங்கித் தர்றேன், ரைபிளுக்கு இவ்வளவு" என்று பேசுகிற தரகர் உங்களுக்கு இரண்டையும் தரப்போவதில்லை.

சொல்ல மறக்கும் செலவு ஒன்று இருக்கிறது. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிவு வந்து, நடத்தை விதி விலக்கிக்கொண்ட பிறகுதான் திரும்பக் கிடைக்கும். நாடாளுமன்றம், சட்டமன்றம், உள்ளாட்சி என்று வரிசையாக வரும்போது, பயிர் முற்றுகிற நேரத்தில் துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கும்.

துப்பாக்கி இருந்தால் பன்றியைச் சுடலாமா?

கூடாது. துப்பாக்கிக்கு உரிமம் தருவது ஆயுதச் சட்டம். விலங்கைக் காப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். இரண்டும் தனித்தனி. ஒன்றில் கிடைத்த அனுமதி மற்றொன்றுக்குச் செல்லாது.

காட்டுப்பன்றி முன்பு இந்தச் சட்டத்தின் 3-ஆம் அட்டவணையில் இருந்தது. 2022-இல் சட்டத்தைத் திருத்தி அட்டவணைகளைச் சுருக்கியபோது 2-ஆம் அட்டவணைக்குள் வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வேட்டை என்பதற்குச் சட்டம் தரும் பொருள் மிக அகலமானது. சுடுவது மட்டுமல்ல, விஷம் வைப்பது, கண்ணி போடுவது, பொறி வைத்துப் பிடிப்பது, அதற்கு முயல்வது எல்லாமே வேட்டைதான். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது தனிக் குற்றம். செத்த பன்றியும் அரசின் உடைமை. மயில் 1-ஆம் அட்டவணை. அதற்குத் தண்டனை இன்னும் கடுமை. தக்காளித் தோட்டத்து மயிலை ஏர்கன்னால் விரட்டலாமா என்று கேட்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

அதே சட்டம் விவசாயிக்கு ஒரு கதவையும் வைத்திருக்கிறது. 11-ஆவது பிரிவின்படி, 2-ஆம் அட்டவணையில் உள்ள விலங்கு மனித உயிருக்கோ, உடைமைக்கோ, நிற்கும் பயிருக்கோ ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ கருதினால், காரணத்தை எழுத்தில் காட்டி அதைக் கொல்ல அனுமதிக்கலாம். பன்றி நேராக ஆள் மேல் பாய்ந்து, தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தில் அதைக் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் சட்டவிரோதமான வேலையில் ஈடுபட்டிருந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கையில் உரிமம் இல்லாத துப்பாக்கியோடு இரவில் காவலிருந்தவர் இதைச் சொல்லித் தப்ப முடியாது.

கேரளாவில் நடந்ததும் இந்தப் பிரிவின் கீழ்தான். 2022-இல் அந்த மாநில அரசு, அனுமதி வழங்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அங்கேயும் சுடுபவர் உரிமம் உள்ளவராக, பட்டியலில் பேர் உள்ளவராக இருக்க வேண்டும். அந்த ஆணை வாளையாறு வரைக்கும்தான். இந்தப் பக்கம் செல்லாது. குடகில் உரிமமே வேண்டாமாமே என்று சிலர் கேட்பார்கள். குடவர்களுக்கு ஆயுதச் சட்ட உரிமத்தில் இருந்து பழங்கால விலக்கு இருப்பது உண்மை. பன்றியைச் சுட விலக்கு அவர்களுக்கும் இல்லை.

தமிழ்நாட்டில் இப்போது உள்ள வழி

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி பற்றி ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையில் இருந்து உள்ள தூரத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 1 கிலோமீட்டர் வரை சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை உள்ள இடத்தில் பன்றியைப் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைத் தேவைப்பட்டால் பயிற்சி பெற்ற வனத்துறைப் பணியாளர்கள் சுடலாம். விவசாயி சுட முடியாது.

ஆகவே உங்கள் முதல் வேலை, உங்கள் நிலம் எந்த வட்டத்தில் வருகிறது என்று தெரிந்துகொள்வது. நம் பகுதியில் இது எளிதான கணக்கு அல்ல. சேர்வராயன், கல்வராயன், போதமலை, கொல்லிமலை, ஜருகுமலை, கஞ்சமலை, பாலமலை என்று சமவெளிக்கு நடுவே நடுவே மலைகள் நிற்கின்றன. மலையடிவாரத்தில் இருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்காதீர்கள். காப்புக்காட்டு எல்லைக் கல்லில் இருந்து எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். சில இடங்களில் மலையே இல்லாத கரட்டுக்கும் காப்புக்காடு என்ற தகுதி உண்டு. சர்வே எண்ணைக் கொடுத்து வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து மனு. ஒருவர் தனியாகக் கொடுக்கும் மனுவைவிட, பாதிக்கப்பட்ட பத்துப் பேர் சேர்ந்து கொடுப்பதற்குப் பலன் அதிகம். பன்றிக் கூட்டம் வேலி பார்த்து வருவதில்லை, உங்கள் பக்கத்து நிலத்துக்காரரும் இழந்திருப்பார். மனுவில் சர்வே எண், பயிர், சேதமான பரப்பு, எந்தெந்தத் தேதிகளில் வந்தது, எந்தத் திசையில் இருந்து வருகிறது, பகலில் எங்கே படுக்கிறது என்று எழுதுங்கள். கடைசி இரண்டும் முக்கியம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வாழும் பன்றி தினமும் மலையில் இருந்து இறங்கி வருவதில்லை. ஏரிக்குள் வளர்ந்த சீமைக்கருவேலம், ஓடைப் புதர், அறுவடை தள்ளிப்போன கரும்பு இவற்றில் குடியிருக்கிறது. அந்த இடத்தைக் காட்டினால்தான் பணியாளர்கள் வேலை செய்ய முடியும். மனுவின் நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண் உதவி அலுவலரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் அதே மனுவை மறுபடியும் வைக்கலாம்.

புதரை அழிப்பது பற்றி ஒரு வார்த்தை. ஏரி, ஓடை புறம்போக்கில் உள்ள சீமைக்கருவேலத்தை ஊராட்சி மூலம் அகற்றக் கேட்பது பன்றிக்கு எதிரான வேலைகளில் செலவே இல்லாதது. பலர் இதை மனுவில் சேர்ப்பதே இல்லை.

மலிவு என்று போகும் ஆபத்தான வழிகள்

ரைபிள் கிடைக்காது, அனுமதி தாமதமாகும் என்றதும் சிலர் குறுக்கு வழியைப் பார்க்கிறார்கள். முதலாவது நாட்டுத் துப்பாக்கி. பட்டறையில் தண்ணீர்க் குழாயைக் கொண்டு செய்து, கருமருந்தும் பால்ரஸ் குண்டும் போட்டுச் சுடுவது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. செய்து கொடுப்பவருக்கு 7 ஆண்டில் தொடங்கி ஆயுள் தண்டனை வரை. அளவு தெரியாமல் மருந்து கெட்டித்தால் குழல் பிளந்து சுடுகிறவரின் கண்ணும் கையும் போகும்.

தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறதே என்பவர்களுக்கு: உரிமம் இருந்து, உரிமதாரர் காலமாகியிருந்தால், துப்பாக்கியை உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ வைப்பில் ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். உரிமமே இல்லாததாக இருந்தால் ஒப்படைப்பது ஒன்றுதான் வழி. மலைக் கிராமங்களில் காவல்துறை அவ்வப்போது காலக்கெடு அறிவித்து, தாமாக முன்வந்து ஒப்படைக்கச் சொல்கிறது. அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள். ஊர்ப் பெரியவர்கள், கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் கொடுப்பது நல்லது.

ஏர்கன் இரண்டாவது. 4.5 மில்லிமீட்டர் அளவுக்கும் 20 ஜூல் விசைக்கும் மிகாத ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை என்பது சரிதான். அதனால் பன்றி சாகாது. தோலுக்குள் குண்டோடு ஓடி, சீழ் பிடித்து, அடுத்த நாள் கடலை பிடுங்கப் போகும் பெண்கள் மேல் பாயும். பன்றியைச் சுட்ட குற்றமும் மாறாது.

அவுட்டுக்காய் மூன்றாவது. பழத்துக்குள்ளோ கொழுப்புக்குள்ளோ வெடிமருந்தை வைத்துப் போடுவது. பன்றிக்கு வைத்ததை மேயும் பசு கடித்து வாய் கிழிந்த சம்பவங்கள் நிறைய. குழந்தைகள் கையில் எடுத்து விரல் இழந்ததும் உண்டு. இது வெடிபொருள் வழக்காகவும் போகும்.

நான்காவதுதான் அதிக உயிரைக் குடிப்பது. இலவச மின்சார இணைப்பில் இருந்து நேரடியாகக் கம்பிக்குக் கரண்ட் கொடுப்பது. இதில் பன்றியைவிட அதிகமாகப் பேசப்பட வேண்டியவர்கள் செத்துப்போன மனிதர்கள். இரவில் தண்ணீர் கட்டப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரர், சில நேரம் கம்பி கட்டியவரின் வீட்டாரே. ஆள் இறந்தால் மரணம் விளைவித்த வழக்கு, மின்திருட்டு வழக்கு, இணைப்புத் துண்டிப்பு எல்லாம் சேர்ந்து வரும். விலங்கு செத்தால் வன வழக்கு. எந்தப் பயிரின் விலையும் இதற்கு ஈடாகாது. இதைக் கட்டியிருப்பவர்கள் இன்றே கழற்றிவிடுங்கள்.

அந்தப் பணத்தை வேலியில் போட்டால்

ரைபிளுக்கென்று ஒதுக்கிய பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள். ஏறக்குறைய சதுரமான 1 ஏக்கரைச் சுற்றிவர 255 மீட்டர் வேலி வேண்டும். 4 ஏக்கர் சேர்ந்த நிலத்துக்கு 1,020 மீட்டர் ஆகாது, 510 மீட்டர்தான். 16 ஏக்கருக்கு 1,020 மீட்டர். அதாவது தனியாகக் கட்டினால் ஏக்கருக்கு 255 மீட்டர், நான்கு பேர் சேர்ந்தால் 127, பதினாறு ஏக்கரும் ஒரே வேலிக்குள் வந்தால் 64. கம்பி, கல், ஆள் கூலி எல்லாம் இதே விகிதத்தில் இறங்கும். பன்றிக்கு எதிராக நான் பார்த்ததிலேயே பெரிய மானியம் பங்காளிகள் பேசிக்கொண்டு ஒரே வேலி போடுவதுதான். வரப்புத் தகராறு உள்ள இடத்தில் இது நடப்பதில்லை என்பதும் தெரியும்.

சூரிய மின்வேலி நேரடிக் கரண்ட் வேலி அல்ல. 12 வோல்ட் பேட்டரியில் இருந்து எனர்ஜைசர் என்ற கருவி, விநாடிக்கு ஒரு முறை அளவில், கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான அதிர்வை அனுப்புகிறது. வோல்ட் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் நேரம் மிகக் குறைவு என்பதால் தொட்டது உதறிக்கொண்டு விலகும், ஒட்டிக்கொள்ளாது. தரச் சான்று உள்ள எனர்ஜைசரை மட்டும் வாங்குங்கள். உள்ளூரில் சுற்றிக் கொடுக்கும் காயில் இந்த இடைவெளியைக் காப்பாற்றும் என்ற உறுதி இல்லை. காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் மின்வேலி அமைக்க 2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி வனத்துறையில் பதிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே போட்டவர்களுக்கும் இது பொருந்தும். மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுச் செய்துவிடுங்கள். வேளாண் பொறியியல் துறை மூலம் சூரிய மின்வேலிக்கு 50 சதவீத மானியம் வழங்கப்பட்டிருக்கிறது. உங்கள் வட்டாரத்துக்கு இந்த ஆண்டு நிதி உண்டா என்பதை உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் விசாரித்த பிறகு கம்பி வாங்குங்கள். முன்கூட்டியே வாங்கிய பில்லுக்கு மானியம் கேட்டு அலைய வேண்டாம்.

வேலி போட்டும் பன்றி வருகிறது என்பவர்களின் தோட்டத்தில் பெரும்பாலும் மூன்று குறைகளில் ஒன்று இருக்கும். முதல் கம்பி உயரமாக இருக்கும். பன்றி தாண்டுவதில்லை, மூக்கை வைத்து அடியில் நுழையும். அதனால் முதல் கம்பி தரையில் இருந்து 15 முதல் 20 சென்டிமீட்டரிலும், இரண்டாவது 40 சென்டிமீட்டரிலும் இருக்க வேண்டும். மூக்கில் முதல் அடி பட வேண்டும். முதுகில் பட்டால் முடியும் தடித்த தோலும் தாங்கிக்கொள்ளும், முன்னால் பாய்ந்து உள்ளே வந்துவிடும். நிலம் மேடு பள்ளமாக இருந்தால் பள்ளத்தில் கூடுதலாக ஒரு கம்பி இழுங்கள்.

அடுத்த குறை களை. கோரையும் அருகும் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் அங்கேயே மண்ணில் இறங்கிவிடும். மழைக்குப் பின் பத்து நாளைக்கு ஒரு முறையாவது வேலியடியைச் செதுக்க வேண்டும்.

மூன்றாவதுதான் நம் மண்ணுக்கே உரியது: எர்த். பங்குனி, சித்திரையில் நம் செம்மண் நிலமும் சுக்கான் நிலமும் காய்ந்து கட்டாந்தரை ஆகிவிடும். ஒரே ஒரு எர்த் கம்பி ஒரு அடி ஆழத்தில் நட்டிருந்தால் மின்சுற்று முழுமையாகாது. கம்பியைத் தொட்டாலும் அடி தெரியாது. குறைந்தது மூன்று எர்த் கம்பிகளை ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில், இடைவெளி விட்டு நட்டு இணையுங்கள். சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றி வாருங்கள். சொட்டுநீர்க் குழாயின் ஒரு சொட்டுவாயை அந்த இடத்தில் விட்டுவிடலாம். வாய்க்கால் ஓரம், கிணற்றடி போன்ற ஈரமான இடத்தில் எர்த் நட்டால் இன்னும் நல்லது.

பயிரைப் பார்த்து வேலியை முடிவு செய்யுங்கள். மரவள்ளி பத்து மாதம் வரை நிலத்தில் நிற்கிறது, ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு ஒவ்வொரு இரவும் ஆபத்துதான். அதற்கு நிலையான வேலி. கடலை 105, 110 நாள் பயிர். பன்றி வருவது விதைத்த முதல் வாரம் பருப்பைக் கிளறவும், பிறகு காய் பிடித்ததில் இருந்து பிடுங்கும் வரையும். அதற்கு நகர்த்தக்கூடிய நைலான் இழைக் கம்பி வேலி போதும். எனர்ஜைசரை அடுத்த வயலுக்கு எடுத்துப் போகலாம். மக்காச்சோளத்துக்கும் பால் பிடித்ததில் இருந்து அறுப்பு வரை காத்தால் போதும்.

மின்வேலிக்கு வசதி இல்லாதவர்கள் வயலைச் சுற்றி 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் அகழி எடுக்கலாம். மழைநீரும் நிற்கும். கடலையைச் சுற்றி முள் உள்ள குசும்பாவை நெருக்கமாக நான்கு வரிசை விதைப்பதும் பரிந்துரையில் உள்ளது. பழைய சேலை கட்டுவது, பாட்டுப் பெட்டி, விளக்கு, வெடிச் சத்தம் இவையெல்லாம் சில நாள் வேலை செய்யும். பிறகு பன்றி பழகிவிடும். விரட்டி மருந்துகளும் அப்படியே. வாசனை போனதும் பலன் போய்விடும், மழைக்குப் பின் புதுப்பிக்க வேண்டும். அறுவடைக்கு முந்தைய இரண்டு, மூன்று வாரத்துக்கு மட்டும் இவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் கொடுத்த காசுக்குப் பலன் உண்டு. ஆண்டு முழுதும் இவற்றையே நம்பினால் ஏமாற்றம்தான்.

சேதம் நடந்துவிட்டால்

காலையில் பார்த்ததும் உழுது சரிசெய்யத் தொடங்காதீர்கள். குளம்புத் தடம், கிளறிய இடம், கடித்த கிழங்கு தெரியும்படி, இடமும் நேரமும் பதியும் விதத்தில் கைப்பேசியில் படம் எடுங்கள். படத்தில் ஒரு மண்வெட்டியையோ கதிர் அரிவாளையோ அளவுக்கு வையுங்கள். வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனுவைக் கொடுத்தால், வனம், வருவாய், வேளாண் துறைப் பணியாளர்கள் பார்வையிட்டுப் பரப்பைக் கணக்கிடுவார்கள். அடங்கலில் அந்தப் பருவத்துப் பயிர் பதிவாகாமல் இருந்தால் இந்த மனு அங்கேயே நின்றுவிடும். குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்பவர்கள் இதில்தான் அதிகம் இழக்கிறார்கள். விதைத்த மாதத்திலேயே பதிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வன விலங்குகளால் ஏற்படும் சேதத்தைக் கூடுதல் காப்பாகச் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 காரீஃப் பருவம் முதல் இது பொருந்தும். எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் பயிர்க் காப்பீட்டுச் செயலியில் இடம் பதிந்த படத்தோடு தெரிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பிரீமியம் கட்டும்போதே உங்கள் பயிருக்கும் மாவட்டத்துக்கும் இந்தக் காப்பு சேர்ந்திருக்கிறதா என்று கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ கேட்டு, ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.